மூன்றாவது தாருக்குக் கீழே

கடைகள் திறக்குமுன் வந்துவிட்டோம்.
கோத்தகிரி, டானிங்டன் இறக்கம்.
மஞ்சு ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது,
வர்க்கி வாசம் மட்டும் எழுந்து நடமாடுகிறது.

புலப்படத்தை ஜீப்பின் பானெட்டில் விரித்தேன்,
மூலைக்கொரு கூழாங்கல்லை வைத்து.
புல எண் இருநூற்றுப் பதினாலு.
பேக்கரிச் சுவருக்கும் தையற்கடைப் படிக்கும் நடுவே
ஒரு கல் இருக்க வேண்டும்.
இருக்கிறது என்கிறது காகிதம்.
இருந்ததே இல்லை என்கிறார் ஹபிபுல்லா.
பிடுங்கிப் போட்டதே அவர்தான் என்கிறார் ஃபிலோமினா,
வாயில் குண்டூசிகளோடு.

ஆபீசுக்குப் புதிதாய் வந்த
காந்தக் கருவியை ஓட்டிப் பார்த்தேன்.
அடிக்கு அடி கூவியது:
சோடா மூடி, குதிரை லாடம்,
யாரோ மறந்த ஸ்பேனர்,
சாக்கடை சிலாபுக்குள் கம்பி.
இரும்பென்றால் எத்தனை ஆழத்திலும் ஓடிவந்து சொல்லும்.
நான் தேடுவது கருங்கல்.
அதைப்பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது.

சரி, டேப்.
மேட்டில் சர்ச் மதிலோரம் ஒரு கல் உண்டு,
யாரும் தொடாத கல்.
போஸ்ட் ஆபீஸ் பின்னால் வேலிக்குள் இன்னொன்று,
அதன்மேல் துணி துவைக்கிறார்கள்.
அங்கிருந்து நூற்றுப் பன்னிரண்டு லிங்க்,
இங்கிருந்து எண்பத்தேழரை.
சரிவில் மட்டம் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு,
சாக்பீஸால் ஒரு வில்,
இன்னொரு வில்.
இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில்
நாய் படுத்திருந்தது.
எழுப்பினோம்.

போஜன் கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்தார்.
பதினொரு வருஷமாய்ச் சங்கிலி பிடிக்கிறவர்;
தட்டும்போது மட்டும்
மப்ளரைக் காதிலிருந்து இறக்குவார்.
டொக், டொக், டொக் என்று போய்
ஓரிடத்தில் டங்.
"ஆள் இருக்கு மேடம்" என்றார்.

முதலில் பேவர் கட்டைகள்,
நெம்பி எண்ணி அடுக்கினோம், முப்பத்தாறு.
கீழே மணல்.
அதன்கீழ் தார், போன தேர்தலுக்கு முந்தியது.
அதன்கீழ் தார், அதற்கும் முந்திய தேர்தல்.
மூன்றாவது தாரில் டிரில் மெஷின் நின்றுவிட்டது,
கரண்ட் கொடுத்த ஹபிபுல்லா
ஃப்யூஸ் போச்சு என்று உள்ளிருந்து கத்தினார்.
மேட்டுப்பாளையம் பஸ் குழியோரம் ஒதுங்க
டிரைவர் எட்டிப் பார்த்தார்.
"பைப்பா?"
"கல்லு."
"கல்லுக்கா இவ்ளோ?"

பிறகு உளியும் சம்மட்டியும்,
பிறகு கொத்தனார் கரண்டி,
கடைசியில் ஃபிலோமினா கொண்டுவந்த
தையல் மெஷின் துடைக்கும் பிரஷ்.
சின்னதாகிக்கொண்டே வந்தன கருவிகள்.

முதலில் அம்புக்குறி.
பிறகு கூட்டல் குறி, ஒரு கை தேய்ந்து.
கல் விழுந்திருக்கவில்லை, நிற்கவுமில்லை.
பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது,
பஸ்ஸில் பக்கத்து ஆள்மேல்
தூங்கிவிழுகிறவனைப் போல.

அளந்தேன்.
காகிதம் சொன்ன இடத்திலிருந்து
பதினெட்டு சென்டிமீட்டர் கீழே.
இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.
நான் தெருவைப் பார்த்தேன்:
விளக்குக் கம்பம் அதே பக்கம் சாய்ந்திருந்தது.
பேக்கரிச் சுவரின் வெடிப்பு அதே பக்கம்.
தையற்கடைப் படியும் அதே பக்கம்,
மார்பிள் உருட்டினால் ஓடும்.
எந்த ஐப்பசி மழையிலோ
மலை ஒரு சாணுக்கும் குறைவாகப்
புரண்டு படுத்திருக்கிறது.

பிடுங்கியவர் யார் என்று கேட்கும் மனுவுக்கு
இதைப் பதிலாக எழுதக்
கட்டம் இல்லை.
"கல் உள்ளது. சாய்ந்துள்ளது.
மூல இடம் கணக்கிட்டுக் குறிக்கப்பட்டது."
ஹபிபுல்லா கையெழுத்துப் போட்டார்.
ஃபிலோமினா படித்துவிட்டுப் போட்டார்,
போட்டபின் மறுபடி படித்தார்.

மணல் பரப்பி, கட்டைகளைத்
திரும்பப் பதித்தார் போஜன்.
முப்பத்தைந்து உள்ளே போயின.
ஒன்று வெளியே நின்றது.
கலைத்து மறுபடி பதித்தார்.
ஒன்று வெளியே.
அதன்மேல் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு
பீடிக்கு நெருப்புத் தேடினார்.